கேப்பு, புக்கு, பஸ்ஸு: ஆங்கிலச் சொல்லின் கடைசியில் பிள்ளைகள் 'உ' சேர்க்கிறார்கள், வகுப்பில் கண்டதைப் பகிருங்கள்

அஸ்தம்பட்டி நாலாம் வகுப்பு:
ஆசிரியர்கள் கூடிப் பயிற்சி பெறும் குறுவள மையத்தில் நடந்த மாதிரி வகுப்பு. பையன் 'கேப்' (cap) அட்டையைப் பார்த்து 'கேப்பு' என்றான். திருத்தத் திருத்த 'கேப்பு'தான். பயிற்சி தரும் கருத்தாளர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ப் வந்ததும் உதட்டை மூடு, நான் ரெண்டு எண்ணுற வரைக்கும் திறக்காத" என்றார். மூடினான். ஒன்று, இரண்டு. வகுப்பே அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'உ' வரவேயில்லை! அடுத்த அட்டை 'புக்'. உடனே 'புக்கு'. அங்கேதான் எல்லாரும் முழித்தோம்.

ஓமலூர் பட்டதாரி ஆசிரியர்:
'ப்' உதட்டில் பிறக்கிறது, மூடச் சொல்லலாம். 'க்' அடிநாக்கில் பிறக்கிறது, எதை மூடுவான்? தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. பாட்டு, நாக்கு, உப்பு எல்லாமே குற்றியலுகரம், அதாவது கடைசியில் குறுகி ஒலிக்கும் 'உ'. பிள்ளை நம் இலக்கணப்படிதான் பேசுகிறான். மருந்தும் அங்கேயே இருக்கிறது: உயிர் வந்தால் குற்றியலுகரம் ஓடிவிடும், நாக்கு + இது 'நாக்கிது' ஆவதுபோல. அதனால் 'புக்' அட்டைக்குப் பின்னால் 'ஆன்' (on), 'இன்' (in), 'இஸ்' (is) வையுங்கள். 'புக்கான்' என்று சேர்த்து ஐந்தாறு முறை. பிறகு 'ஆன்' மட்டும் முணுமுணுப்பாக. பிறகு அதை மனசுக்குள் மட்டும். முதலிலேயே 'புக் ஷெல்ஃப்' மாதிரி மெய்யில் தொடங்கும் சொல்லைப் போட்டால் 'உ' திரும்பி வந்துவிடும். பஸ்ஸுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சு தீரும்வரை இழுக்கச் சொன்னால் போதும்.

ஏற்காடு டீச்சர்:
சார், பழியைக் குற்றியலுகரத்தின் மேல் போடாதீர்கள். ஒலி சொல்லித்தரும்போது நாமே 'பஹ், டஹ்' என்கிறோமே! இல்லாத உயிரை ஒட்டிவிட்டு, கூட்டிப் படி என்றால் எப்படிக் கூடும்? புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள்: ப், ட்.

ஓமலூர் பட்டதாரி ஆசிரியர்:
வாயால் சொல்லலாம் டீச்சர், அட்டையில் தமிழில் எழுதக் கூடாது. குத்தும் பின்னும் (pin) குப்பை போடும் பின்னும் (bin) தமிழில் ஒரே எழுத்து. தொண்டையில் கைவைத்துப் பார்க்கச் சொல்வதும் இதற்கு உதவாது, பின்னால் வரும் உயிர் இரண்டிலும் அதிரும். வித்தியாசம் காட்ட, மெல்லிய காகிதத்தில் இரண்டு விரல் அகலத் துண்டை உதட்டுக்கு நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். குத்தும் பின்னை அழுத்தி ஊதிச் சொன்னால் தாள் துள்ளும், மற்றதில் துள்ளாது. ஃபேனை நிறுத்துங்கள், ஏற்காட்டில் ஜன்னலையும் சாத்துங்கள். 'ஸ்பின்' இந்த வரிசையில் வேண்டாம், ஆங்கிலேயர் சொன்னாலே அதில் தாள் சும்மா கிடக்கும். நம் ஊர் ஆங்கிலத்தில் அந்த ஊதல் குறைவு, அதற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள்.

சேலம் டவுன்:
கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் படிக்க, ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜ் டிகேடி (TKT) தேர்வு எழுதுகிறார்கள். ஒரு தாளுக்கு 80 நிமிடம், 80 கேள்வி, எல்லாம் தேர்ந்தெடுக்கும் வகை. கலைச்சொல் தெளிவாகும், ஆனால் நீங்கள் பாடம் நடத்துவதை யாரும் பார்க்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜின் இன்னொரு ஆசிரியர் பயிற்சியான செல்டாவில் (CELTA) 120 மணி நேரப் பாடம், 6 மணி நேரம் உண்மையான வகுப்பு, பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். செலவும் அதற்கேற்ப. அதுவரை, சொந்த வகுப்பை ஐந்து நிமிடம் ஃபோனில் பதிவுசெய்து, நாம் எத்தனை 'புக்கு' சொல்கிறோம் என்று கோடு போட்டு எண்ணுங்கள். கூட இன்னொரு ஆசிரியர் எண்ணினால் நல்லது, நம் காது நமக்குச் சலுகை காட்டும்.

அஸ்தம்பட்டி நாலாம் வகுப்பு:
சரிங்க. 'டெஸ்க்'குக்கு என்ன செய்வது? 'ஸ்' இழுக்கிறான், 'க்'கை விழுங்கிவிடுகிறான்.

ஓமலூர் பட்டதாரி ஆசிரியர்:
'டெஸ்-கிஸ்' என்று பிரித்துப் போடுங்கள். 'டெஸ்க் இஸ்' தானாக வரும்.