கொம்பிரசரை ஏ.சி. அறைக்குள் வைத்தால் ரைபிளுக்குள் தண்ணீர் போகாதா?

கடற்கரை_ஒழுங்கை:
என் பத்து மீட்டர் எயார் ரைபிளின் (அடைத்த காற்றால் சுடும் போட்டித் துப்பாக்கி) ரெகுலேற்றரை, அதாவது காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகத்தை, போன வாரம் கழற்றினேன். உள்ளே தகடுகளில் துரு. சிலிண்டரைக் கவிழ்த்தால் மண்ணிறத் தண்ணீர் இரண்டு சொட்டு. வீடு வெள்ளவத்தை, கடல் கூப்பிடு தூரம். வாளித் தண்ணீரில் குளிரும் சின்னக் கொம்பிரசரைப் பல்கனியில் வைத்து 200 பாருக்கு (வெளிக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு) அடிக்கிறேன். இனி அது ஏ.சி. அறைக்குள் போகிறது. 30 பாகை, 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றில் கனமீட்டருக்கு 24 கிராம் தண்ணீர். 24 பாகை, 55 வீதம் என்றால் 12 கிராம். சரிபாதி!

பஞ்சிகாவத்தைப்_பையன்:
கணக்குச் சரி, முடிவு பிழை அண்ணை. 200 மில்லிலீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லீற்றர் காற்று வேண்டும். பல்கனிக் காற்றென்றால் அதில் ஏறத்தாழ 1 கிராம் தண்ணீர், ஏ.சி. காற்றென்றால் அரைக் கிராம். ஆனால் நெருக்கி ஆறவிட்ட பிறகு ஆவியாக நிற்கக்கூடியது பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் தண்ணீராகிவிடும். எந்தக் காற்றை இழுத்தாலும் கடைசியில் வருவது அதே ஈரக் காற்றுதான். வடிகிற தண்ணீரில் மட்டும்தான் வித்தியாசம்.

கடற்கரை_ஒழுங்கை:
வடிந்தால்தானே தம்பி! என்னுடைய கொம்பிரசரில் தண்ணீர் வடிக்கும் வால்வைத் திறந்தால் புகைபோல ஏதோ வருகிறது, அவ்வளவுதான். வடிக்க முடியாததை உள்ளே விடாமல் இருப்பதுதானே புத்தி? காற்றை இழுக்கும் வாயில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட போத்தல் ஒன்றும் பூட்டப்போகிறேன்.

பஞ்சிகாவத்தைப்_பையன்:
எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் திறக்கிறீர்கள்?

கடற்கரை_ஒழுங்கை:
நிறுத்தும்போது ஒருதரம்.

பஞ்சிகாவத்தைப்_பையன்:
அதுதானே பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரமாவது திறக்க வேண்டும். வாளித் தண்ணீர் சுட்டால் ஐஸ் போடுங்கள். 50 பாகையில் காற்று பிடித்துவைக்கிற ஆவி 30 பாகையில் பிடிப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். சூடாகவே, கொம்பிரசருக்குப் பின்னால் ஈரம் பிடிக்கிற பில்டரைத் தாண்டினால் ரைபிளுக்குள் போய்த்தான் ஆறும், அங்கேதான் வியர்க்கும். சிலிக்கா ஜெல்லை உயர் அழுத்தப் பக்கம், வடிகாலுக்குப் பிறகு வையுங்கள். இழுக்கும் வாயில் வைத்தால் கனமீட்டருக்கு அந்த 24 கிராமையும் அதுவே குடிக்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம், பில்டருக்குப் பின்னால் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று வேண்டும். பில்டருக்குள் 120, 150 பார் ஏறும்வரை அது காற்றை வெளியே விடாது. அது இல்லாவிட்டால் தொடக்கத்தில் காற்று ஈரத்தோடே பாய்ந்துவிடும்.

தெஹிவளை_டைவர்:
ஏன் இந்தப் பாடு? 12 லீற்றர் டைவிங் டாங்கி ஒன்று வாங்குங்கள். டைவிங் சென்டரில் நிரப்பும் காற்று மனிதர் சுவாசிப்பது, காய்ந்துதான் வரும். ரைபிளை 100இலிருந்து 200க்கு ஏற்ற 20 லீற்றர் போதும். முப்பது தரம் எடுத்தாலும் டாங்கியில் 50 பார் அளவுதான் குறையும், ஆனால் டாங்கி 200க்குக் கீழே இறங்கினால் ரைபிளும் 200ஐத் தொடாது.

பஞ்சிகாவத்தைப்_பையன்:
அவர்கள் பில்டரை நேரத்துக்கு மாற்றினால் காய்ந்துதான் வரும். நான் ஒரு இடத்தில் நிரப்பி, மூன்று மாதத்தில் டாங்கி வால்வில் பச்சை பிடித்தது.

தெஹிவளை_டைவர்:
ஒருதரம் நடந்ததற்காக எல்லாரையும் சொல்லக்கூடாது. வால்வைக் கொஞ்சம் திறந்து வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள், ஈரமோ எண்ணெயோ தெரியும். ரைபிள் சிலிண்டரில் பொறித்த திகதியையும் பாருங்கள். பெரும்பாலும் 10 வருடம்தான் கொடுப்பார்கள், காலம் தாண்டாமல் பார்ப்பது வீரரின் பொறுப்பு என்பது சர்வதேச துப்பாக்கிசுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதி.

கடற்கரை_ஒழுங்கை:
இன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்தேன். மூன்றாம் தரம் ஒரு மூடி அளவு தண்ணீர், பால் நிறத்தில். ஏ.சி. யோசனையை இன்னும் விடவில்லை, பாதித் தண்ணீர் என்றால் பாதி வடிப்பு. ஆனால் அது அம்மாவின் அறை, சத்தத்துக்கு அவ விடமாட்டா. நீல நிற ஜெல் மணிகள் கிடைத்தன. வீட்டு அவனில் 120 பாகையில் காயவைக்கலாமா?

பஞ்சிகாவத்தைப்_பையன்:
நீலம் வேண்டாம் அண்ணை, அதில் கோபால்ட் குளோரைட், நஞ்சு. கேக் போடுகிற அவனில் வைக்கவே வேண்டாம். செம்மஞ்சள் மணியாகப் பார்த்து மாற்றி எடுங்கள்.