டென்ட்டில் ஈரப்பதம் 60 காட்டுகிறது, ஆனால் துளசி கறுக்கிறது. அவசர உதவி வேண்டும்

துளிர்வாசல் (ஞாயிறு, இரவு 9:40)
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். வீட்டில் வளர்த்த துளசியையும் புதினாவையும் அறுத்து செடி வளர்க்கும் சின்னக் கூடாரமான டென்ட்டுக்குள் தொங்கவிட்டு இன்றோடு ஐந்து நாள். மீட்டர் 60, 62 என்றுதான் காட்டுகிறது. படித்த இடத்தில் எல்லாம் 60 தான் சரியான அளவு என்று போட்டிருந்தது. ஆனால் இலை காயவே இல்லை, துவண்டு கிடக்கிறது. துளசி கறுக்கவும் ஆரம்பித்துவிட்டது. மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. எங்கே தப்பு? விதை போட்டதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள், மனசு கேட்கவில்லை.

இரண்டாம்கணு (ஞாயிறு, இரவு 9:52)
டென்ட் என்ன அளவு? உள்ளே எத்தனை கிலோ? "மெஷின்" என்றால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரா, ஹீட்டரா? மீட்டர் எந்த இடத்தில் தொங்குகிறது? வெப்பநிலை எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

வெயில்பிரியை (ஞாயிறு, இரவு 10:05)
டென்ட்டை விட்டு வெளியே எடுங்கள். காலை இளவெயிலில் இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு அப்புறம் நிழலில் பரப்பி வையுங்கள். மூன்று நாளில் சருகாகிவிடும். எனக்கு ஒரு தடவைகூடக் கறுத்ததில்லை.

நாற்றங்கால் (ஞாயிறு, இரவு 10:11)
முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் ஐந்தாறு புள்ளி வரை முன்னே பின்னே காட்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் ஆறு குறைத்துச் சொல்கிறது, நீங்கள் பார்க்கும் 60 உண்மையில் 66. எனக்கு இரண்டு அறுவடை வீணானதற்குக் காரணம் இதுதான்.

துளிர்வாசல் (ஞாயிறு, இரவு 10:30)
டென்ட் 60×60×160 செ.மீ. மெஷின் டீஹியூமிடிஃபையர்தான், சின்னது, உள்ளேயே வைத்திருக்கிறேன். மீட்டர் அதன் பக்கத்தில் தொங்குகிறது, அங்கேதான் சரியாகக் காட்டும் என்று நினைத்தேன். வெப்பம் 28. எடை தெரியாது. கொத்துக் கொத்தாக ஐந்து வரிசை.

மூத்தவேர் (ஞாயிறு, இரவு 11:15)
இந்தக் கேள்வி எத்தனை முறை வந்துவிட்டது! ஒப்பு ஈரப்பதம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டென்ட்டையே வாங்க வேண்டும். மீட்டர் காட்டும் எண், அந்த வெப்பத்தில் காற்று பிடிக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. அது காற்றைப் பற்றியது, இலையைப் பற்றியது அல்ல. அதிலும் வெப்பம் மாறினால் அந்த எண்ணும் மாறும். 25 டிகிரியில் 72 சதவீதம் இருக்கும் காற்றை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் மீட்டர் 60 என்று காட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறைந்திருக்காது. மெஷின் விடும் சூட்டுக்குப் பக்கத்தில் மீட்டரைத் தொங்கவிட்டு மெஷினைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள். நெருக்கமான கொத்துக்கு நடுவே 90-ஐ நெருங்கியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் டென்ட்டின் கொள்ளளவு 0.58 கன மீட்டர். 25 டிகிரியில் அதில் அடங்கும் காற்று முழுக்க நனைந்தாலும் 13 கிராம் நீராவிதான் பிடிக்கும். ஒரு கிலோ பச்சை இலையில் தண்ணீர் மட்டுமே 800 கிராம். மீதியெல்லாம் எங்கே போகும் என்று நினைத்தீர்கள்? அடிப்படைக் கணக்கு இது.

இரண்டாம்கணு (ஞாயிறு, இரவு 11:31)
மூத்தவேர் ஐயா, கணக்கு சரி. ஆனால் ஐந்து நாளாகத் தவிக்கிறவரிடம் இந்தத் தொனி வேண்டாமே. எல்லாரும் ஒரு நாள் தெரியாமல்தான் ஆரம்பித்தோம்.

துளிர்வாசல், மூன்று விஷயம் சொல்லுங்கள். மெஷினில் ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் சத்தம் கேட்கிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சேர்கிறது? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? முடிந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடை பாருங்கள்.

துளிர்வாசல் (திங்கள், காலை 6:50)
கம்ப்ரசர் சத்தம் இல்லை, ஃபேன் சத்தம் மட்டும்தான். டப்பாவில் ஐந்து நாளில் அரை டம்ளர் இருக்கும். எடை 2.3 கிலோ. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறேன். வெளிக்காற்று புகுந்தால் கன்ட்ரோல் போய்விடும் என்று கீழே காற்று வரும் ஜன்னலையும் மூடிவிட்டேன்.

இரண்டாம்கணு (திங்கள், காலை 7:20)
அதுதான் கோளாறு. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றிரவே முடிந்திருக்கும்.

உங்களுடையது பெல்டியர் வகை, ஒரு குளிர்ந்த தகடும் ஒரு விசிறியும் மட்டும். பெட்டியில் நாளுக்கு 300 மில்லி என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. 60-ல் அதில் ஒரு பங்குதான் வரும். உங்கள் 2.3 கிலோ சருகாக வேண்டுமானால் இன்னும் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். உங்கள் மெஷின் வேகத்தில் இரண்டு மாதம் ஆகும். இலை அத்தனை நாள் தாங்காது.

இப்போதே செய்ய வேண்டியது: கீழ் ஜன்னலைத் திறந்து, மேலே எக்ஸாஸ்ட் ஃபேனைக் குறைந்த வேகத்தில் விடாமல் ஓட்டுங்கள். கொத்தைப் பிரித்து ஐந்தாறு தண்டுக்கு ஒரு கட்டு என்று கட்டுங்கள், கட்டுக்கு நடுவே கை நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் இலை மேல் நேராக அடிக்காமல் சுவரைப் பார்த்து ஓடட்டும். மீட்டரை இலைகளின் நடுவே மாற்றுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் பச்சை வெளுக்கும்.

கொடிவீடு (திங்கள், காலை 8:02)
அந்த 60 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. டென்ட் வைத்து உலர்த்தும் குறிப்புகளில் பாதிக்கு மேல், சட்டம் இடம்தரும் நாடுகளில் வீட்டில் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதியவை. அவர்கள் சொல்லும் "60-60"-ல் ஒரு 60 ஈரப்பதம். இன்னொன்று ஃபாரன்ஹீட்டில் வெப்பம், நம் கணக்கில் 15 அல்லது 16 டிகிரி. அந்தப் பூ கெட்டியானது, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். மேல்புறம் சீக்கிரம் காய்ந்துவிடாமல் பத்து, பதினான்கு நாள் மெதுவாக உலர்த்துகிறார்கள். வாசனையும் அந்தக் குளிரில் தங்கும்.

துளசி இலை மெல்லியது. வெட்டின பிறகும், கசங்கின இடத்திலும், அதில் உள்ள நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால்தான் கறுக்கிறது. சீக்கிரம் ஈரம் போனால்தான் அது நிற்கும். 35 டிகிரியைத் தாண்டாமல், 40-லிருந்து 45 சதவீதத்தில், மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். 40 டிகிரிக்கு மேல் போனால் வாசனை எண்ணெய் பறந்துவிடும்.

மூத்தவேர் (திங்கள், காலை 9:10)
40 சதவீதத்துக்கு இறக்கினால் வெளிப்புறம் ஓடு கட்டிக்கொள்ளும், உள் ஈரம் வெளியே வராது. உலர்த்துவதில் முதல் பாடம் அது. புதியவர்களுக்குத் தப்பான எண் கொடுக்காதீர்கள்.

கொடிவீடு (திங்கள், காலை 9:25)
ஓடு கட்டுவது பழத்துண்டுக்கும் கெட்டிப் பூவுக்கும் பொருந்தும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இலைக்கு உள் எது, வெளி எது? தண்டு பின்தங்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதற்கு வழி இலையை உருவித் தட்டில் பரப்புவது.

வெயில்பிரியை (திங்கள், காலை 9:48)
உருவினால் கசங்கும், கசங்கினால் கறுக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். தண்டோடு தொங்கவிடுவதுதான் நல்லது. இத்தனை மெஷின் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கொடிவீடு (திங்கள், காலை 10:03)
காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் நிழலில் பரப்பினால் நமத்துப்போகும் அக்கா, அதற்குத்தான். உருவும்போது நுனியிலிருந்து அடிப்பக்கமாக இழுக்காமல் காம்போடு ஒவ்வொன்றாகக் கிள்ளினால் கசங்காது. நேரம் பிடிக்கும், ஆனால் நிறம் நிற்கும்.

நாற்றங்கால் (திங்கள், காலை 10:40)
வெளிக்காற்று ஈரமாக இருந்தால் எக்ஸாஸ்ட்டும் அதைத்தான் உள்ளே இழுக்கும். அப்போது கம்ப்ரசர் டீஹியூமிடிஃபையரை டென்ட் இருக்கும் அறையில் வைக்க வேண்டும், டென்ட்டுக்குள் அல்ல. உள்ளே வைத்தால் அதன் சூட்டில் டென்ட் அடுப்பாகிவிடும். அறைக்காற்றைக் காய வைத்தால் டென்ட் அதையே குடிக்கும்.

மூத்தவேர் (திங்கள், காலை 11:05)
குளிர்ந்த அறையில் கம்ப்ரசர் வகையின் சுருளில் பனி பிடித்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே என்றால் ஈரம் உறிஞ்சும் சக்கரம் உள்ள வகைதான் வேலை செய்யும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாற்றங்கால் (திங்கள், காலை 11:12)
அவர் டென்ட்டில் 28 டிகிரி, ஐயா.

துளிர்வாசல் (திங்கள், மாலை 6:15)
எல்லாம் சொன்னபடி மாற்றினேன். கட்டுகளைப் பிரிக்கும்போது நடு வரிசையில் துளசிக் கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஒரு மக்கல் வாசனையும் வருகிறது. வெயிலில் வைத்தால் செத்துவிடுமா? கழுவிவிட்டுத் திரும்பக் காய வைக்கலாமா?

இரண்டாம்கணு (திங்கள், மாலை 6:19)
வேண்டாம். அது பூசணம். அந்தக் கட்டுகளையும் அவற்றை ஒட்டித் தொங்கினவற்றையும் மூடின கவரில் போட்டு வெளியே எறியுங்கள். டென்ட்டுக்குள் உதறாதீர்கள், தூள் பறந்து மற்றதிலும் ஒட்டும்.

வெயில்பிரியை (திங்கள், மாலை 6:30)
இதில் நானும் அதையே சொல்கிறேன். வெயிலில் பூசணம் செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு இலையிலேயே இருக்கும். கொதிக்கும் தண்ணீருக்குக்கூட அதில் பலவும் அசையாது. தூக்கிப் போடுங்கள்மா, மனசு கஷ்டப்படத்தான் செய்யும்.

மூத்தவேர் (திங்கள், மாலை 7:02)
எறிந்துவிடுங்கள். டென்ட்டின் உட்சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மீதியை மாட்டுங்கள். தினமும் ஒரே கட்டை எடை போட்டு எழுதி வையுங்கள், மீட்டரை விட அது நம்பகமானது. எடை ஐந்தில் ஒரு பங்குக்கு வந்து இரண்டு நாள் அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. இலை நொறுங்க வேண்டும், தண்டு வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். நேற்று கடுமையாக எழுதிவிட்டேன். என் டென்ட்டிலும் ஒருமுறை இதே மாதிரி முழுவதும் போயிருக்கிறது, அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

கொடிவீடு (திங்கள், மாலை 7:20)
ஜாடியில் போட்டதும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். இலைக்குள் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று அப்போதுதான் தெரியும். 60-க்குக் கீழே நின்றால் பூசணம் பிடிக்காது. 65-க்கு மேல் ஏறினால் திரும்ப டென்ட்டுக்கு. இந்த 60 மட்டும்தான் உங்களுக்குப் பொருந்தும் 60.

துளிர்வாசல் (வெள்ளி, இரவு 9:05)
துளசி முழுவதும் போய்விட்டது. புதினா 310 கிராம் தேறியது, பச்சையாகவே இருக்கிறது. ஜாடியில் 54. எல்லாருக்கும் நன்றி.

நாற்றங்கால் (வெள்ளி, இரவு 9:30)
மகிழ்ச்சி. உப்புச் சோதனை செய்து பார்த்தீர்களா? அந்த 54 எந்த மீட்டரில் பார்த்தது?

நாற்றங்கால் (திங்கள், காலை 8:15)
துளிர்வாசல், மீட்டரைப் பற்றிச் சொல்லவே இல்லையே?