மறு: ‘உயர மாதிரி’ போதுமா? தரையுரு, மேலுரு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வெள்ள முன்னறிவிப்புச் சொற்பட்டியலைப் பார்த்தேன். நில உயரங்களைக் கணினியில் காட்டும் எலிவேஷன் மாடல், சர்ஃபேஸ் மாடல், டெரெய்ன் மாடல் மூன்றுக்கும் எதிரே ‘எண்ணிம (டிஜிட்டல்) உயர மாதிரி’ என்றே போட்டிருக்கிறோம். முதலாவது பொதுப்பெயர், சரி. மற்ற இரண்டில் முன்னது மரம், கட்டடம் சேர்ந்த மேற்பரப்பு, பின்னது வெறும் தரை. இவற்றைப் பிரிக்காவிட்டால் பொருளே கெட்டுவிடும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, ரேடாரால் நில உயரங்களை அளந்து வந்தது. அந்த ரேடார் அலை அடர்ந்த இலைகளைத் தாண்டித் தரைவரை முழுதாக இறங்குவதில்லை. ஆற்றங்கரையில் மரங்கள் நெருக்கமாக நின்றால் தரவில் அங்கே ஒரு மேடு எழுந்துவிடும். நிஜ வெள்ளம் அடிமரங்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டே இருக்கும். கணினி வெள்ளமோ இல்லாத அந்தக் கரையில் முட்டி நிற்கும். பாலம் இன்னும் வேடிக்கை. மேல்தளத்தின் உயரம் தரவில் ஏறிவிட்டால் பாலமே அணையாகிவிடும். அதைத் தரவிலிருந்து வெட்டி எடுத்த பிறகுதான் கணக்கே ஓடும்.

டெரெய்ன் மாடலைத் ‘தரை மாதிரி’ என்று எழுதினால் மண் மாதிரி எடுப்பவர்கள் தங்கள் வேலை என்று நினைப்பார்கள். ‘தரை மாதிரி இருக்கிறது’ என்ற பேச்சு வழக்கும் குறுக்கே வரும். ‘படிவம்’ என்றாலோ பூர்த்தி செய்து கையெழுத்துப் போடத் தோன்றுகிறது! எனவே ‘உரு’ என்று முடிக்கலாம்: மரம், கட்டடம் எல்லாம் சேர்ந்தது மேலுரு, அவற்றை நீக்கிய வெறும் தரை தரையுரு. ‘நிலவுரு’வோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அது மலை, பள்ளத்தாக்கு போன்ற இயற்கை அமைப்பைக் குறிப்பது. இது நாம் கணித்து வரைந்த உரு. சொற்றொடரில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது.

‘எண்ணிம’வை ஒவ்வொரு முறையும் ஒட்ட வேண்டாம், முதல் தடவை சொன்னால் போதும். ரேடாரை ரேடார் என்றே விட்டுவிடுவோம்.

வெள்ளநீர் நிலத்தில் ஏறிப் பரவுவதைச் சொல்லும் ‘இனன்டேஷன்’ என்பதற்கு ‘மூழ்கல்’ சரியில்லை. கணுக்கால் அளவு நீர் பரவினாலும் அதே சொல்தானே? ‘நீர்ப்பரவல்’ என் தேர்வு.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பாலங்களை வெட்டி, சாலைக்கு அடியில் போகும் குழாய்களுக்கும் வழி திறந்துவிட்ட தரையுருவுக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘நீர்வழித் தரையுரு’ என்று வைத்தால் ஆற்றின் அடித்தரை என்று படித்துவிடுவார்களோ? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.