சுவரில் எழுதினவனுக்கு 67.5 லட்சம் டாலரா?

வேலணையான்

நியூயோர்க் குயின்ஸில ஒரு சின்னப் பலசரக்குக் கடை வச்சிருக்கிறன். இங்க லாங் ஐலண்ட் சிட்டியில ஃபைவ்பாயின்ட்ஸ் எண்டு ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. 7ஆம் நம்பர் ரயிலில போற எல்லாருக்கும் தெரியும், சுவர் முழுக்க ஸ்ப்ரே படம். 2013 நவம்பரில கட்டடக்காரர் இரவோட இரவா வெள்ளை அடிச்சுப்போட்டார். 2018இல கோர்ட் அங்க படம் கீறின 21 பேருக்கு மொத்தமா 67.5 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லிச்சுது. 2020இல மேல்கோர்ட்டும் அதையே உறுதிப்படுத்திச்சுது. எங்கட ஆக்கள் சிலர் இதைக் கலைக்குக் கிடைச்ச வெற்றி எண்டு எழுதியிருக்கினம். எனக்கு விளங்கேல்லை. கட்டடம் ஆற்ற? வரி கட்டினது ஆர்?

என்ர கடை ஷட்டரில மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் ஆரோ கிறுக்கிப்போட்டுப் போறான். ஞாயிறு காலமை வாளியும் தின்னருமா நிக்கிறது நான். கலை எண்டா தன்ர வீட்டுச் சுவரில கீறட்டும்.

நெய்தல்

அண்ணா, உங்க ஷட்டர் விஷயத்துல நான் உங்க பக்கம். ஆனா ஃபைவ்பாயின்ட்ஸ் வேற கதை. அது முதலாளியே அனுமதி கொடுத்த சுவர். யார் வரையலாம், எந்தப் படம் கொஞ்ச நாள்ல அழியும், எது வருஷக்கணக்கா நிக்கும்னு பார்த்துக்க ஒரு பொறுப்பாளரும் இருந்தார். அவரும் ஓவியர்தான். கட்டடத்தை இடிக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லல. ஓவியர்கள் தடை கேட்டுப் போனப்போ, பின்னாடி இந்தத் தீர்ப்பு எழுதின அதே நீதிபதி மறுத்துட்டார். ஆனா விரிவான உத்தரவு வர்றதுக்குள்ள வெள்ளையடிச்சாச்சு. இடிக்க அனுமதி வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா, வேணும்னே அழிச்சதா எடுத்திருக்க மாட்டேன்னு அவரே தீர்ப்புல எழுதினார். அந்த அவசரத்துக்கு விழுந்த தண்டம்தான் இது. ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர், 45 படத்துக்கு.

எங்க அப்பா சுவர் விளம்பரம் எழுதினவர். நூல் அடிச்சு, சாக்பீஸ்ல கோடு போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு 'ழ' எழுதுவார். கிட்ட நின்னா அந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. ரெண்டு வளைவு போட்டுட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து அடுத்த வளைவு. ஒரு நாள்ல அவர் ரோட்டைத் தாண்டினதைச் சின்ன வயசுல நான் எண்ணியிருக்கேன். 1970கள்ல நியூயார்க் பசங்க ரயில் யார்டுல ராத்திரியில, 50 அடிக்கு மேல நீளமான பெட்டி முழுக்க எழுதினாங்க. எதிர்ப் பக்கம் போய்ப் பார்க்க அங்க இடமே கிடையாது, பக்கத்துத் தண்டவாளத்துல இன்னொரு ரயில் நிக்கும். ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்ற அந்தப் பின்னலை, இருட்டுல, தப்பு விடாம போட்டிருக்காங்க. அந்தப் புகைப்படங்களைக் காட்டினப்போ அப்பா ரொம்ப நேரம் பேசல. "அளவு எப்படிப் பிடிச்சான்?" அப்படீன்னுதான் கேட்டார்.

கானாமிர்தம்

22 வருடம் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் நான். சுவரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நியூயார்க்கின் இதே இளைஞர் கூட்டத்தில் பிறந்ததாகச் சொல்லும் ராப் பற்றிக் கேட்கிறேன். யாரோ வாசித்த இசைத்தட்டை ஓடவிட்டு அதன்மேல் வேகமாகப் பேசுவதில் சாதகம் எங்கே இருக்கிறது? அதைவிட என்னை வருத்துவது, பேரன் கேட்கும் பாட்டுகளில் பெண்களைச் சொல்கிற சொற்கள். ஒரு நாள் வாங்கிக் கேட்டேன். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுதிபேதம்

டீச்சர், சாதகத்துல இருந்தே தொடங்கறேன்.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ்னு ஒரு பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடி. சிண்டி கேம்பல்னு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு ஒரு பார்ட்டி வைக்கறாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு ஓட்டினது அவங்க அண்ணன் கிளைவ், ஜமைக்காவுல பிறந்தவர், கூல் ஹெர்க்னு பேர். பாட்டு முழுக்கச் சும்மா நிக்கிறவங்க, குரல் நின்னு டிரம்ஸ் மட்டும் வர்ற அந்தச் சில வினாடிக்குக் களத்துல இறங்கி ஆடறதை அவர் கவனிச்சிருந்தார். அதனால ஒரே தட்டுல ரெண்டு பிரதி வச்சுக்கிட்டு, ஒண்ணுல அந்த இடம் முடியறப்போ இன்னொண்ணுல அதே இடத்தைத் தொடங்கினார். கச்சேரியில தனி ஆவர்த்தனத்தை மட்டும் எடுத்து, முடியவே விடாம ராத்திரி முழுக்க நீட்டினா எப்படி இருக்கும்? அப்படி.

ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பா வைப்பார். பின்னாடி வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டுமேல மெழுகுப் பென்சில்ல குறி போட்டு, எத்தனை சுத்துப் பின்னாடி இழுக்கணும்னு எண்ணி, ஒரு காதுல ஹெட்ஃபோனும் ஒரு காதுல கூட்டமுமா தாளம் இடறாம சேர்த்தார். நண்பர் வீட்டுல மூணு மாசம் நானும் முயற்சி பண்ணினேன். ஒரு கை தட்டைப் பின்னாடி இழுக்கணும், அதே நேரம் இன்னொரு கை விடணும். அரை மாத்திரை தப்பினாலும் ஆடறவங்க கால் நின்னுடும். எனக்கு நின்னுக்கிட்டேதான் இருந்தது.

இதெல்லாம் நடந்த இடத்தையும் பாருங்க. நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட கிராஸ் பிராங்க்ஸ் நெடுஞ்சாலை ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்து எறிஞ்சிருந்தது. 1970கள்ல தெற்கு பிராங்க்ஸ் தெருத் தெருவா எரிஞ்சது. சில வீட்டுக்காரங்க இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தாங்களே கொளுத்தினாங்க. அங்கிருந்த பிள்ளைங்க கையில இருந்தது அப்பா அம்மாவோட இசைத்தட்டு மட்டும்தான்.

சொற்கள் விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். அந்தப் பாட்டுகள் இருக்கு, நிறைய வித்திருக்கு. அந்தக் களத்துக்குள்ள இருந்தே எதிர்ப்பும் வந்தது. பெண்களை அப்படிக் கூப்பிடறவனை நிறுத்திக் கேள்வி கேட்டுப் பாடித்தான் ராப் பாடகி குயின் லத்தீஃபா 1995ல கிராமி இசை விருது வாங்கினாங்க.

கானாமிர்தம்

தனி ஆவர்த்தனம் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடிபட்டது. லத்தீஃபாவைத் தேடிக் கேட்கிறேன். ஆனால் ஒருவர் எதிர்த்துப் பாடியதால் மற்ற ஆயிரம் பாட்டு சரியாகிவிடாது. ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாருக்கு 2018இல் அமெரிக்காவின் பெரிய பரிசான புலிட்சர் கொடுத்தார்களே என்பார்கள். பரிசு வாங்கியது எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதா? இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

வேலணையான்

தங்கச்சி நெய்தல், அப்பாவைப் பற்றி எழுதினது நல்லா இருந்தது. ஆனா அந்த ரயில் பெட்டிகளை நீங்கள் படத்தில பாத்தனீங்கள். நான் உள்ளுக்க இருந்தனான்.

1986இல வந்தனான். இங்கிலீஷ் ஓடாது. வேலைக்குப் போற ரயிலில எனக்கு இருந்த ஒரே துணை சுவரில ஒட்டியிருக்கிற மேப். அதுக்கு மேல கறுத்த மையால கிறுக்கி விட்டிருப்பாங்கள். யன்னலாலும் வடிவாத் தெரியாது, அதிலயும் மை. எந்த ஸ்டேசன் எண்டு தெரியாமல் ரெண்டு ஸ்டேசன் தள்ளி இறங்கி, பனிக்குள்ள திரும்பி நடந்திருக்கிறன். வேலைக்குப் பிந்தினதுக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் வெட்டினாங்கள். ஒருக்காக் கழுவின பெட்டியைக் கிறுக்கலோட திரும்ப ஓட விடுறேல்லை எண்டு ரயில்காரர் 1984இலயே முடிவெடுத்துச் செய்துகொண்டு வந்தினம். 1989 மே மாசம் கடைசிப் பெட்டியும் போச்சுது. அண்டைக்குச் சந்தோசப்பட்டது பணக்காரர் இல்லைப் பிள்ளை, எங்களைப்போல நைட் ஷிஃப்ட் ஆக்கள்.

நெய்தல்

அண்ணா, மேப் மேல கிறுக்கினதை நான் கலைன்னு சொல்ல மாட்டேன். ஊர் முழுக்கத் தன் பேரை எழுதறதுதான் இந்தச் சுவர் எழுத்தோட தொடக்கம். 1971லயே, டாக்கி 183ன்னு எழுதிட்டுத் திரிஞ்ச ஒரு பையனைப் பத்தி நியூயார்க் டைம்ஸ் எழுதிச்சு. 183 அவன் தெரு நம்பர். அந்த ஆசையில இருந்துதான் பின்னல் எழுத்தும் வந்தது, உங்க மேப்பை மறைச்ச மையும் வந்தது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னுதான் கேக்கறேன்.

ஏன்னா பிரிக்காமப் பார்த்ததுல ஒரு உயிர் போயிருக்கு. 1983 செப்டம்பர்ல மைக்கேல் ஸ்டூவர்ட்னு 25 வயசு கறுப்பின இளைஞர், ஃபர்ஸ்ட் அவென்யூ ஸ்டேஷன்ல சுவர்ல எழுதினார்னு போலீஸ் பிடிச்சது. நினைவில்லாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் 13 நாள்ல செத்துட்டார். வழக்குல ஆறு போலீஸ்காரங்களும் விடுதலை. ஓவியர் பாஸ்கியா அந்தச் சாவைத் தன் நண்பர், இன்னொரு ஓவியர் கீத் ஹேரிங்கோட ஸ்டுடியோ சுவர்ல வரைஞ்சார். ஹேரிங் அங்கிருந்து மாறினப்போ அந்தச் சுவர்த் துண்டை வெட்டி எடுத்துக்கிட்டுப் போய்ச் சட்டம் போட்டு மாட்டினார். 2019ல அது நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்துல காட்சிக்கு இருந்தது.

வேலணையான்

அந்தப் பிள்ளையின்ர கதை எனக்குத் தெரியாது. எழுதினதுக்கு ஒருத்தன் போலீஸ் கையில சாகிறது எந்த நியாயத்திலயும் சேராது. அதில எனக்கு மறுபேச்சு இல்லை.

ஃபைவ்பாயின்ட்ஸ் கட்டடக்காரரிலயும் பிழை இருக்கு எண்டு இப்ப ஒத்துக்கொள்ளுறன். வரச் சொன்ன ஆக்களிட்டச் சொல்லாமல் இரவில அழிச்சது சரியில்லை. அழிக்கிறதெண்டால் 90 நாளைக்கு முன்னம் எழுத்தில அறிவிக்கிறதைப் பற்றிச் சட்டத்தில இருக்காம், நேற்று வாசிச்சன். சரி. ஆனா என்ர ஷட்டருக்கு ஆர் 90 நாள் நோட்டீஸ் தந்தவை? அவன்ர படத்துக்கு மரியாதை வேணுமெண்டால் என்ர கதவுக்கும் வேணும்.

சுதிபேதம்

இதுக்கு நேர்மையான எதிர்வாதம் என்கிட்ட இல்லண்ணா.

நெய்தல்

என்கிட்டயும் இல்ல. அப்பா கேக்காம ஒரு சுவரைத் தொட்டதில்ல. வீட்டுக்காரங்க "சரி"ன்னு சொன்ன பிறகுதான் சுண்ணாம்பு வாளியை இறக்குவார்.

ஒண்ணு மட்டும். வெள்ளையடிச்ச மறுநாள் ஃபைவ்பாயின்ட்ஸ் படங்களைப் பார்த்தீங்களா? ஒரே பூச்சு, அதுவும் அவசரத்துல. அடியில இருந்த முகங்களும் எழுத்துகளும் வெள்ளை வழியாத் தெரியும். இடிக்கற வரைக்கும் மாசக்கணக்கா அப்படியேதான் நின்னுது.

வேலணையான்

பாத்தன். 7ஆம் நம்பரில போகேக்க ஒவ்வொரு நாளும் பாத்தனான். என்ர ஷட்டரும் அப்பிடித்தான், சாம்பல் அடிச்சாலும் ஒரு கிழமையில கறுப்புத் தலை காட்டும்.

நெய்தல்

மார்க்கர் மை அப்படித்தான் ஊறி மேல வரும் அண்ணா. முதல்ல உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ங்க, துடைச்சுக் காய விடுங்க. கறை மறைக்கிற ப்ரைமர்னு கேட்டு வாங்கி ஒரு கோட், மறுநாள் சாம்பல் ரெண்டு கோட். தின்னர் ஊத்தித் தேய்ச்சா மை இன்னும் பரவத்தான் செய்யும்.

வேலணையான்

இவ்வளவு காலமும் தின்னரைத்தான் ஊத்திக்கொண்டிருந்தனான். ஞாயிறு செய்துபோட்டுச் சொல்லுறன், பிள்ளை.