உதவி: அத்தையின் பவர் பத்திரத்தை ஸ்பானிய மொழியில் எழுதுவதில் மூன்று சந்தேகங்கள்

பள்ளத்தூர்க்காரி:
வணக்கம். மறைந்த மாமா ஸ்பெயினின் வலென்சியாவில் வாங்கிய வீட்டில் அத்தைக்குப் பங்கு உண்டு. அதை விற்க, அங்கேயே இருக்கும் மகனுக்கு பவர் கொடுக்கிறார். காரைக்குடியில் ஆங்கிலத்தில் டைப் செய்த வரைவை நான் ஸ்பானிய மொழியில் எழுதி அனுப்பினேன். அங்குள்ள நோட்டரி மூன்று சொற்களைச் சுழித்துத் திருப்பிவிட்டார். 'எக்ஸிகியூட்டட்' என்பதற்கு 'எஹெகுதாதோ', 'கன்சிடரேஷன்' என்பதற்கு 'கொன்சிதெராசியோன்', 'நோட்டரி பப்ளிக்' என்பதற்கு 'நொத்தாரியோ' என்று போட்டிருந்தேன். எங்கே தவறு?

பத்திர எழுத்தர், காரைக்குடி:
அம்மா, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு நம் பத்திரத் தமிழைப் பாருங்கள். 'இன்னார் எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால்' என்றுதான் தொடங்குவோம். எக்ஸிகியூட் என்றால் எழுதிக்கொடுப்பது. கன்சிடரேஷன் என்றால் பிரதிபலன், விற்பனையில் கிரயத்தொகை.

தேவகோட்டையான், வலென்சியா:
ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது. எழுதிக்கொடுப்பதற்கு இங்கே 'ஒத்தோர்கார்'. எஹெகுதாதோ என்றால் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டவர், அல்லது ஜப்தி வழக்கில் சிக்கிய கடனாளி! கொன்சிதெராசியோன் என்பது மரியாதை, கருத்தில் கொள்ளுதல். பிரதிபலனுக்கு 'கொந்த்ராபிரெஸ்தாசியோன்' உண்டு, ஆனால் விற்பனை என்பதால் விலை என்ற பொருளில் 'பிரெஸியோ' போதும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. நம் ஊர் நோட்டரி 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்படும் வக்கீல். இதுபோன்ற பத்திரத்தில் பெரும்பாலும் கையெழுத்துக்குச் சான்று சொல்வதோடு சரி. இங்கே நொத்தாரியோ போட்டித் தேர்வில் வென்று வருபவர். பத்திரத்தை அவரே எழுதி, வாசித்துக் காட்டி, மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகல்தான் தருவார். நம் பதிவு அலுவலகத்தையும் பத்திர எழுத்தரையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி. அதனால் 'இந்திய நோட்டரி, கையெழுத்துக்குச் சான்றளித்தவர்' என்று விளக்கி எழுதுங்கள். வீடு விற்கும் பவருக்கு வெறும் கையெழுத்துச் சான்று போதுமா என்று வரைவைத் திருப்பிய இங்குள்ள நோட்டரியிடமே இப்போது கேட்டுவிடுங்கள். அத்தையை இரண்டு முறை அலைய வைக்க வேண்டாம்.

காரைக்குடி மாணவன்:
அப்போஸ்டில், அதாவது நம் பத்திரத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று, வேண்டுமா?

தேவகோட்டையான், வலென்சியா:
வேண்டும். 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டிலுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. நோட்டரி, மாநில அரசின் சான்றொப்பம், கடைசியாக வெளியுறவு அமைச்சகம். அப்புறம்தான் இங்குள்ள அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அப்போஸ்டிலையும் சேர்த்து மொழிபெயர்ப்பார்.

பள்ளத்தூர்க்காரி:
மூவருக்கும் நன்றி. வரைவைத் திருத்திவிட்டு, தமிழில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 'கிரயத்தொகையைப் பெற்றுக்கொள்ள' என்ற இடத்தில் நிறுத்தி, "பணம் யார் கணக்குக்கு வரும்?" என்று கேட்டார். பத்திரத்தில் அது இல்லவே இல்லை. ஒரு வரி சேர்க்கலாமா?

பத்திர எழுத்தர், காரைக்குடி:
தாராளமாக. நல்ல கேள்வி கேட்டார்கள். அத்தையின் பங்கு அவர் பெயரிலுள்ள கணக்குக்கே வர வேண்டும் என்று, வங்கிப் பெயரும் கணக்கு எண்ணும் போட்டு எழுதுங்கள். நோட்டரியிடம் போகும் முன்பே வரைவை எடுத்து வாருங்கள், பார்த்துத் தருகிறேன்.