சி மொழிக் கம்பைலரோடு வரும் லைப்ரரியை (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பை) அப்படியே நம்பலாமா?

கொழிஞ்சாம்பாறை எடைமேடை:
பொள்ளாச்சி ரோட்டில் உள்ள ஓர் எடைமேடைக்கு, எடையைக் காட்டிச் சீட்டு அடிக்கும் இன்டிகேட்டர் செய்து கொடுத்திருக்கிறேன். போன வாரம் ஓர் இளநீர் லாரிக்கு 18640 கிலோ என்று வரவேண்டிய சீட்டில் 1864 என்று அடித்துவிட்டது. எல்லா வண்டிக்கும் இல்லை. டிஎன் 41-க்குப் பிறகு இரண்டு எழுத்து வரும் வண்டிகளுக்கு மட்டும். அந்த ஓர் எழுத்து கூடியதால், சீட்டு வரியை வைக்கும் நினைவக இடமான பஃபரில் இடம் போதாமல் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டால் சீட்டே அடிக்காதே என்று கோடில் எழுதித்தான் வைத்திருந்தேன். சி மொழியின் சி99 தரநிலைப்படி, வரியைப் பஃபரில் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷன், இடம் போதாவிட்டாலும் முழு வரிக்கு எத்தனை எழுத்து வேண்டும் என்ற எண்ணைத் தரவேண்டும். இந்த லைப்ரரி தான் எழுதியதை மட்டும் எண்ணித் தந்திருக்கிறது; அதனால் வெட்டுப்பட்டதே என் கோடுக்குத் தெரியவில்லை. இனி தரநிலையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஃபங்ஷனையும் சோதிக்காமல் போர்டில் ஏற்றக் கூடாது.

வாளையாறு:
தம்பி, அவ்வளவு பாடு வேண்டாம். உங்கள் கோடில் பத்துப் பதினைந்து ஃபங்ஷன்தான் இருக்கும். அதையே லினக்ஸில், அங்கே வழக்கமாக உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியோடு ஓட்டி, விடைகளை ஒப்பிடுங்கள். மாறினால் தப்பு. ஒரு நாள் வேலை.

கொழிஞ்சாம்பாறை எடைமேடை:
மாறினால் தப்பு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை அண்ணா. இரண்டு சொற்களை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் ஓரிடத்தில் -1 தரும், இன்னோரிடத்தில் -7 தரும். இரண்டும் சரிதான்; குறி மட்டும்தான் தரநிலையில் உறுதி. நினைவகம் கேட்டு வாங்கும் மாலாக்குக்கு 0 கொடுத்தால் நல் (NULL, வெற்று முகவரி) வரலாம், வேறு முகவரியும் வரலாம். வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டில் சமமான இரண்டு பதிவுகள் எந்த வரிசையிலும் வரலாம். ஒப்பிட்டு மட்டும் பார்த்தால் நல்ல லைப்ரரியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

செங்கோட்டை:
கணக்குப் பக்கம் ஒரு வார்த்தை. ஒற்றை ஃப்ளோட் (32 பிட் தசம எண்) வாங்கும் ஃபங்ஷனுக்கு மொத்தமே 429 கோடிச் சொச்சம் உள்ளீடுகள். மேசைக் கணினியிலேயே அத்தனையும் ஓட்டிவிடலாம். 64 பிட் டபுளுக்கு அது நடக்காது. அப்புறம், சைன் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று சி தரநிலை அளவு எதுவும் வைக்கவில்லை. கடைசி பிட் மாறியதற்கெல்லாம் பிழை என்று எழுதிவிடாதீர்கள்.

வாளையாறு:
சரி, ஸ்ட்ர்கம்ப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரநிலையை நீங்களே தப்பாகப் படித்துச் சோதனை எழுதிவிட்டால்? ஜிலிப்சியை எத்தனை வருடமாக எத்தனை பேர் ஓட்டியிருக்கிறார்கள்!

கொழிஞ்சாம்பாறை எடைமேடை:
அதையும் ஓட்டுவோம், தீர்ப்பை மட்டும் அதனிடம் விடவேண்டாம். உங்கள் போர்டில், எழுத்துகளை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டுஎல்லுக்கு அடிமானம் 16 வைத்து, சுழியம், எக்ஸ், ஜி என்ற மூன்று எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஜி பதினாறடிமான இலக்கம் இல்லை. அதனால் விடை 0, படித்தது எங்கே முடிந்தது என்று காட்டும் எண்டு பாயின்டர் எக்ஸில் நிற்க வேண்டும்.

வாளையாறு:
ஓட்டினேன். லினக்ஸில் எக்ஸில் நிற்கிறது. என் போர்டில் ஜி வரைக்கும் போய்விட்டது. மூன்று வருடமாக இதே லைப்ரரியைத்தான் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இன்று ராத்திரி உட்கார்ந்து மற்றதையும் பார்க்கிறேன். ஆனால் தம்பி, தரநிலையைத் திறக்கும் முன்பே லினக்ஸ் விடைதான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது.