கருவிக் கொம்பியூட்டரில் திகதி தவறினால்: ஆய்வுகூடத் தரவு அனுபவங்கள்

வெள்ளவத்தை ஆய்வுகூடக்காரர்:
எச்.பி.எல்.சி. கருவியோடு (திரவ மாதிரியிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வந்த பழைய கொம்பியூட்டரில், மதர்போர்ட்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பற்றரியைக் கவனியுங்கள். அது இறங்கிய பிறகு ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் போதும், கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். மென்பொருளும் அந்தத் திகதியையே முடிவுக் கோப்பில் எழுதிவிடும். ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரத்தின் தணிக்கையில் மாதிரிப் பதிவேடு ஒரு திகதியும் மூலக் கோப்பு வேறு திகதியும் காட்டினால் விளக்கம் சொல்லி மாளாது.

புதுப் பற்றரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம். பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசா பக்கம் போனால் வாங்கலாம். கழற்றுமுன் பயோஸ் (கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்பு) திரைகளை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். அதில் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முறை தானாக மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது. கருவியே பழுதென்று நினைத்து எஞ்சினியரைக் கூப்பிடுவார்கள்.

பொரளை ஆய்வுகூடக்காரர்:
வெள்ளவத்தை அண்ணா சொன்னது சரி. நேர வலயத்தையும் பாருங்கள், நமக்கு யூ.டி.சி.+5:30. இணையம் கொடுக்க முடியாத கருவிகளுக்கு உள் வலையமைப்பில் ஒரு கொம்பியூட்டரை என்.டி.பி. சேவையகமாக (மற்றவற்றுக்கு நேரம் கொடுக்கும் கொம்பியூட்டராக) வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்.

நேரம் சரியாக இருந்தாலும் எக்செலில் திகதி கெடும். கருவி 07/03/2024 என்று மார்ச் 7ஐ எழுதுகிறது. அமெரிக்க அமைப்பிலுள்ள எக்செல் அதை ஜூலை 3 ஆக்குகிறது. நாள் 13 முதல் 31 வரை என்றால் மாதமாக மாற்ற முடியாமல் எழுத்தாகவே நின்று செல்லின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். ஒரே நிரலில் சில திகதி இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் சேதம் நடந்துவிட்டது. கையால் திருத்தப் போகாதீர்கள், மூலக் கோப்பிலிருந்து மறுபடி இறக்குங்கள். சி.எஸ்.வி.யை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பை) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி செய்யும்போதே நாள்-மாதம்-ஆண்டு என்று குறிக்க வேண்டும். பார்கோட் நிரலையும் அப்போதே எழுத்து வகையாக்குங்கள். எக்செல் 15 இலக்கம்தான் தாங்கும், 16ஆவது பூச்சியமாகிவிடும். மரபணுக் குழுக்காரர் இதை நன்றாக அறிவார்கள்: மார்ச்1 என்ற மரபணு திகதியாக மாறிக்கொண்டே இருந்ததால் 2020இல் அதன் குறியீட்டையே மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டி வந்தது.

நாரஹேன்பிட்டி ஆய்வுகூடக்காரர்:
பிரதி எடுப்பதில் ஒன்று. கருவியில் மாதிரி ஓட்டம் நடக்கும்போது கோப்புறையைப் பிரதி செய்தால் பாதிக் கோப்புதான் வரும், பெயர் மட்டும் முழுசாக இருக்கும். மாதிரி வரிசை முழுதும் முடிந்த பின் எடுத்து, விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் மூலத்துக்கும் பிரதிக்கும் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) பாருங்கள். குறியீட்டில் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும் அந்தப் பிரதியை வைத்திருக்கக் கூடாது. பி.டி.எஃப். அறிக்கையை மட்டும் சேமித்தால் உச்சங்களை மறுபடி கணக்கிட வழியில்லை; குரோமட்டோகிராமின் (அந்த உச்சங்களைக் காட்டும் வரைபடத்தின்) மூலக் கோப்பும் முறைக் கோப்பும் அளவுதிருத்தக் கோப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும்.